பொட்டு வைத்த துவக்கு

என் அருமை மச்சாளுக்கு,

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றக் கதையெல்லாம் பிறகு. நீ ஏமாறவில்லை. அந்த வெள்ளைக்காரக் கிழவர் சுடுகிற துவக்கென்று பழைய இரும்பை உன் தலையில் கட்டிவிட்டார் என்று என் அண்ணை, உன் மனுசன், இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அது சுத்தப் பொய். துவக்குக் கடைக்காரர் வாயாலேயே கேட்டேன். அவரும் பக்கத்தில் நின்று கேட்டார்.

இதைக் கேட்க நீ இல்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம். இருந்திருந்தால் அன்றைக்குச் சமைத்திருக்கமாட்டாய். கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு, "இன்னொருக்கால் சொல்லுங்கோ, காது கேக்கேல்லை" என்று அண்ணையைப் போட்டு வாட்டியிருப்பாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கவுன்சில் அலுவலகத்தில் இருந்துகொண்டு சனத்தின் ஈரச்சுவர் முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டு வெந்துபோயிருந்த உன்னை, கூட வேலை செய்த பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எசெக்ஸ் பக்கம் ஒரு வயலுக்குக் கூட்டிப்போனார்கள். மண்ணால் செய்த தட்டை ஒரு யந்திரம் வானத்தில் எறியும், அது விழமுன் சுட்டு உடைக்க வேண்டும். நீ முதல் வெடியிலேயே உடைத்தாய். அன்றிரவு எனக்குப் போன் எடுத்து, "மச்சாள், தூளாப் போச்சு, தூளா!" என்று கத்தினாய். என்ன தூளாய்ப் போனது என்று விளங்காமல் நான் பயந்துபோனேன்.

பிறகு லைசன்ஸ் எடுத்தாய். சுவரில் இரும்பு அலுமாரி பூட்டினாய். அந்த வயலில் சுடுகிறவர்களின் கழகத்தில், சுடுவதை விட்டுவிட்ட ஒரு கிழவரிடம் அந்தப் பழைய அமெரிக்கத் துவக்கை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். மற்றவர்களிடம் இருப்பதுபோல் இரட்டைக் குழல் இல்லை. குழலுக்குக் கீழே உள்ள மரப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே பாயும், புதியது உள்ளே ஏறும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினாய் என்று எனக்கு மட்டும் இரகசியம் சொன்னாய்.

அண்ணை அன்றைக்குக் கேட்டதை நான் மறக்கவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியோ?"

நீ சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "இஞ்சருங்கோ, அங்க அது எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. இஞ்ச அது எந்தப் பக்கம் பாக்கோணுமெண்டு நான் சொல்லுறன். ரெண்டும் ஒண்டோ?"

யாராவது மடக்கினால் அண்ணை என்ன செய்வார்? குறை பிடிப்பார். துவக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தோட்டா போடும் குழாயில் ஒரு நசுக்கைக் கண்டுபிடித்தார். "இஞ்ச பார், நசுங்கின சாமான். ஆரோ கீழ விழுத்தினதை உன்னட்டத் தள்ளிவிட்டிருக்கிறான்." அது சட்டப்படி நசுக்கியது, இரண்டு தோட்டாவுக்கு மேல் போகாமல் இருக்கச் செய்தது என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! அவர் நம்பினால்தானே. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது பிழைத்தாலும் அந்த நசுக்குத்தான். வாங்கிவந்த மீன் பழுதென்றால், "துவக்கு வாங்கின கைதானே." தக்காளி புளித்தால், "துவக்கு வாங்கின கைதானே." நீயும் விடவில்லை. "ஒருநாளைக்கு விலை மதிக்கக் குடுத்துப் பாருங்கோ, அப்ப தெரியும் ஆர் மொக்கு எண்டு."

அந்த ஒருநாள் வரவில்லை. வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய். குளிர் முடியமுன் நீ போய்விட்டாய்.

நீ போனதும் துவக்கை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று சொன்னார்கள். லைசன்ஸ் உன் பெயரில் மட்டும்தானே. பொலிசுக்கு அறிவித்து, றொம்ஃபோர்ட் பக்கம் அனுமதி பெற்ற ஒரு துவக்குக் கடையில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அதன்பிறகு அண்ணை வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை. நான் அப்டன் பார்க்கில் தையல்கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். வெறும் இரும்பு அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். டிவி ஓடும், அவர் பார்க்கமாட்டார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டால் ஓம் என்பார், சட்டியைத் திறந்தால் நான் முதல்நாள் வைத்த கறி அப்படியே கிடக்கும். உனக்கு ஒளிப்பானேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கடைக்காரர் போன் எடுத்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். விற்கப்போகிறீர்களா, லைசன்ஸ் உள்ள யாருக்காவது கொடுக்கப்போகிறீர்களா, ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றார். "விக்கலாம்" என்று அண்ணை உடனே சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, விக்க முதல் வடிவா விலை மதிக்கச் சொல்லுவமோ?"

"ஏன் அண்ணை, காசுக்கோ?"

"காசு ஆருக்கு வேணும்? அவள் ஏமாறினவளோ இல்லையோ எண்டு ஒருக்கால் தெரியோணும்."

"ஏமாந்துதான் போனவ எண்டு சொன்னால்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், மச்சாள். எந்தச் சண்டையிலும் விட்டுக்கொடுக்காத மனுசன், இந்த ஒன்றில் தோற்றுப்போக வேண்டும் என்று கிடந்து தவித்தார். தான் வென்றுவிட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்லுவது? கடைக்குப் போகிற வழிமுழுக்க நான் அம்மாளாச்சியைக் கும்பிட்டுக்கொண்டு போனேன். துவக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டது எங்கள் பரம்பரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைக்காரரின் பெயர் மார்ட்டின். எங்கள் வயதுதான். அவர் இங்கிலிசில் சொன்னதை எனக்கு விளங்கியமாதிரி எழுதுகிறேன். முதலில் உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்தார், எங்களுக்கும் காட்டினார். பிறகு விளக்கைக் கிட்ட இழுத்துத் துவக்கை ஒரு பச்சைத் துணியில் கிடத்தினார். பேர், ஊர், வயது எதையும் அவர் முதலில் பார்க்கவில்லை. திருகாணித் தலைகளைத்தான் பார்த்தார். கண்டவன் நிண்டவன் கழற்றியிருந்தால் அந்தப் பிளவுகள் சிதைந்திருக்குமாம். ஒன்றும் சிதையவில்லை. குழலிலும் உடம்பிலும் ஒரே இலக்கம், ஆகவே வேறொரு துவக்கின் குழலைக் கொண்டுவந்து பூட்டவில்லை. குழலுக்குள் வெளிச்சம் விட்டு எங்களையும் பார்க்கச் சொன்னார். கழுவி வைத்த வெள்ளித் தம்ளர்போல மினுங்கியது. இந்த நாட்டில் சோதித்துப் போட்ட முத்திரையும் சரியாக இருந்தது. மரப்பிடியை இழுத்துத் தள்ளி அந்தச் சத்தத்தைத் தலையைச் சரித்துக் கேட்டார். நீ சொன்ன அதே சத்தம்.

அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "அந்த நசுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

மார்ட்டின் சிரித்தார். அது சட்டம் கேட்டது, முறையாகச் செய்து பக்கத்தில் குறியும் அடித்திருக்கிறார்கள், அது இல்லாவிட்டால் உங்கள் மனைவி அந்த லைசன்சில் இதை வைத்திருக்கவே முடியாது என்றார். பிறகு அவ என்ன கொடுத்து வாங்கினா என்று கேட்டார். அண்ணை சொன்னார். எத்தனை தரம் சொல்லித் திட்டிய தொகை, மறக்குமா? மார்ட்டின் புருவத்தை உயர்த்தி, அன்றைய விலைக்கு அது மிகவும் மலிவு, அதுவும் யாரும் புதுமெருகு பூசாமல், பிறந்த நிறத்தோடு கிடைத்த துவக்கு, அவ நன்றாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறா என்றார்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், பிறகும் கழற்றினார். "ஓம்" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் இன்னொருக்கால் "ஓம்" என்றார். தோற்றுப்போய் ஒரு மனுசன் இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் கண்டதில்லை.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் மார்ட்டின் துவக்கை மறுபக்கம் திருப்பினார். இடப்பக்கம், கருநீல இரும்பின் நடுவில், வட்டமாக ஒரு மண்ணிறத் துரு. விரல் வைத்தால் சொரசொரக்கும். வாங்கின பிறகு வந்தது இது, இங்கே எதைச் சிந்தினீர்கள் என்று கேட்டார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஈரம் பட்டிருக்கிறதாம்.

நானும் அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உனக்கு ஞாபகம் இருக்கும். சரஸ்வதி பூசைக்கு உன்னுடைய லப்டொப்பும் என்னுடைய கத்தரிக்கோலும் அண்ணையின் ஸ்பனர் பெட்டியும் சாமிக்கு முன்னால் அடுக்கினால், நீ துவக்கையும் கொண்டுவந்து ஓரமாகக் கிடத்துவாய். முதல் வருசம் அண்ணை கோபத்தில் துள்ளிக்குதித்தார். பிறகு, மற்றதுக்கெல்லாம் வைத்துவிட்டு இதை மட்டும் விடக்கூடாது என்று தானே வந்து, குழைத்த சந்தனத்தை எல்லாவற்றையும்விடத் தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, துவக்கைப் பார்த்துச் சொன்னார்: "ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் பேசாமக் கிட." ஒவ்வொரு வருசமும் அதே இடம், அதே வார்த்தை. பூசை முடிந்து அலுமாரியில் பூட்டும்போது நீ துடைக்கப் போனால் விடமாட்டார். "வைச்ச பொட்டை அழிக்கிறேல்லை. தானா உதிரட்டும்." ஈரச் சந்தனத்தோடு அது கிழமைக்கணக்காகப் பூட்டிய அலுமாரிக்குள் கிடந்தது.

அண்ணை தனக்குத் தெரிந்த இங்கிலிசையெல்லாம் கூட்டி மார்ட்டினுக்கு விளங்கப்படுத்தினார். எங்களுக்குச் சோறு போடுகிற சாமான்களுக்கு நன்றி சொல்லுகிற நாள், அதில் இதுவும் இருந்தது, பொட்டு வைத்தது நான், துடைக்கவிடாததும் நான்தான் என்றார். மார்ட்டின் துருவைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். அடுத்தமுறை நன்றியைச் சொல்லிவிட்டு எண்ணெயும் பூசுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை சிரிக்கவில்லை. மெருகு பூசி இதை மறைக்க முடியுமா, எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை என்று கெஞ்சுவதுபோலக் கேட்டார். கூடாது என்றார் மார்ட்டின். பழைய துவக்குக்குப் பிறந்த நிறம் ஒருமுறைதான், புதுசு பூசினால் இருக்கிற மதிப்பும் போய்விடும், துருவை எண்ணெய் போட்டு நிற்பாட்டலாம், அடையாளம் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னார். தோளில் முட்டுகிற பிடியைப் பின்பக்கம் வெட்டியிருக்கிறார்கள், சேகரிக்கிறவர்கள் அதைப் பார்த்தாலே ஓடுவார்கள் என்றார். நீ வெட்டுவித்ததுதான். கை எட்டவில்லை என்று அளந்து வெட்டுவித்துவிட்டு, "என்ர சட்டைக்கு நீ கை வெட்டுறமாதிரித்தான்" என்று என்னிடம் சொன்னாயே. வெட்டிய துண்டு இருக்கிறதா என்று மார்ட்டின் கேட்டார். இருந்தால் திரும்ப ஒட்டலாம், அப்படிச் செய்தால் வாங்குவதற்கு ஒருவர் தயாராக இருக்கிறார். இல்லாவிட்டால் இது கட்டையான ஆளுக்கு மட்டும்தான் உதவும்.

துண்டு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே? நீ சமைத்த குசினியின் பின்கதவு காற்றுக்கு அடிக்காமல் இத்தனை வருசமும் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.

மார்ட்டின் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவவும் உங்கள் உயரமா என்று கேட்டார். என்னை விட நல்லாத் தெரிந்தவர் யார்? உன்னுடைய பிளவுஸை என்மேல் வைத்துத்தானே வெட்டுவேன். தோளும் கையும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. ஒருமுறை தோளில் வைத்துப் பாருங்கள் என்றார். "ஐயோ, எனக்கு வேண்டாம், நான் ஊசி பிடிக்கிறவள்" என்று பின்னால் போனேன். அண்ணை மெதுவாக, "வைச்சுப் பாரன் பிள்ளை" என்றார்.

வைத்தேன். இடம் தேடவே தேவைப்படவில்லை. பிடி தோளில் போய்ப் பொருந்தியது, கை எட்டவேண்டிய இடத்தில் எட்டியது. கன்னத்தைச் சாய்த்தபோது மரத்தில் ஒரு இடம் மற்ற இடத்தைவிட வழுவழுப்பாக இருந்தது. நீ கன்னம் வைத்து வைத்து ஆன இடம். உன் செத்தவீட்டில் ஓடித்திரிந்து அலுவல் பார்த்தேனே தவிர ஒழுங்காக அழவில்லை, மச்சாள். றொம்ஃபோர்டில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால், துவக்கும் கையுமாக நின்று அழுதேன். அவர் பாவம், ஒரு எண்ணெய்த் துணியை நீட்டினார். பிறகு பதறிப்போய் வேறு துணி எடுத்துத் தந்தார்.

திரும்பி வரும்போது அண்ணைதான் கார் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய்க் குனிந்து அந்தத் துண்டை இழுத்தெடுத்தார். கதவு படீரென்று அடித்துச் சாத்தியது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் முட்டும் கறுப்புத் தகடு இன்னும் அதில் ஒட்டியபடியே இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், துவக்கு நல்ல விலைக்குப் போய்விடும், எல்லாம் முடிந்துவிடும். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

அவர் எழும்பினார். கதவைத் திறந்தார். துண்டைப் பழைய இடத்தில் வைத்துக் காலால் இறுக்கினார்.

"கதவு அடிக்கும்" என்றார். பிறகு, "உனக்கு அளவு சரியாத்தானே இருந்தது? நீ லைசன்சுக்கு எழுதிப் போடன்."

"எனக்கோ? இந்த வயசிலயோ?"

"அவளுக்கு ஏலுமெண்டால் உனக்கு ஏன் ஏலாது?"

இந்த வசனத்தை நீ கேட்டிருக்க வேண்டும்! உன்னிடம் ஒருநாளும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார். நீ இருந்த காலத்தில் ஒரு ஞாயிறாவது அந்த வயலுக்கு வந்திருக்கலாமே என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அன்றைக்கு இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எழுதிப் போட்டேன். டொக்டரிடம் கேட்டார்கள், என்னைத் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். பொலிசிலிருந்து ஒரு பெண் என்னுடைய ஃபிளாட்டுக்கு வந்து, உன்னுடைய அலுமாரியை என் சுவரில் பூட்டியிருப்பதை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். உங்களுக்கு ஏன் துவக்கு என்று கேட்டாள். மண்தட்டுச் சுட, கழகத்தில் சேர்ந்திருக்கிறேன் என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன். பிறகு என்னையறியாமல், "மச்சாளின் துவக்கு, எனக்கு அளவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவள் அதையும் எழுதிக்கொண்டு போனாள். போன கிழமை லைசன்ஸ் வந்துவிட்டது.

அதற்கிடையில் கழகத்துத் துவக்கால் பழகினேன். தோள் கன்றிப்போய்க் கிடக்கிறது. உன்னைப்போல முதல் வெடியில் உடைக்கவில்லை, முதல் நாள் முழுக்க ஒன்றும் உடைக்கவில்லை. உன் கூட்டாளிப் பெண்கள் உன்னைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் தேத்தண்ணியை ஆறவைத்துவிடுகிறார்கள். அண்ணை எல்லா ஞாயிறும் வருகிறார். பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, "பிந்துறாய், பிந்துறாய், தட்டுக்கு முன்னால பிடி!" என்று கத்துகிறார். வாழ்க்கையில் துவக்கைச் சுட்டறியாத ஆள். ஒருவழியாக நான் ஒரு தட்டை உடைத்தபோது அவர் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரனின் முதுகில் அடித்து, "தூளாப் போச்சு!" என்றார். அது உன்னுடைய சொல். எங்கே வைத்திருந்தார் இவ்வளவு நாளும்?

நாளைக்கு றொம்ஃபோர்டுக்குப் போய் உன் துவக்கைக் கொண்டுவரப்போகிறோம். நேற்று அண்ணை கேட்டார்.

"நவராத்திரிக்கு உந்தத் துவக்கையும் கொண்டுவருவாய்தானே?"

"கொண்டுவருவன். பொட்டு எங்க வைக்கப்போறியள்?"

"அதே இடத்திலதான். வேற எங்க?"

"பிறகு?"

"பிறகு துடைச்சு எண்ணெய் பூசோணும். நானே துடைக்கிறன். அவள் அப்பவே துடைக்க வந்தவள்."

மச்சாள், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தத் துரு இனி ஒரு அரிசியளவும் வளராது. மெருகும் பூசவிடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் உன் மனுசனை அந்தக் கதிரையில் இருக்கவிடமாட்டேன். மீன் பழுதென்றாலும் தக்காளி புளித்தாலும், இனி அந்த வீட்டில் துவக்கு வாங்கின கையை யாரும் குறைசொல்ல நான் விடமாட்டேன். இப்போது அவரே சந்தையில் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துவக்கு வாங்கினவள் இருந்திருந்தால் நல்லதாப் பாத்து எடுத்திருப்பாள்" என்கிறார்.

இப்படிக்கு,
உன் தோளும் கையும் அளவாக உள்ள,
உன் மச்சாள்